பாரிமுனை பிளாட்பாரத்திலிருந்து பெரும்பாக்கம் வரை: சென்னையின் வீட்டுக் கணக்கு

சென்னையில் ஏழைகளுக்கான வீடு என்று பேச்செடுத்தாலே அரசுத் தரப்பிலிருந்து முதலில் வந்து விழுவது ஓர் எண். இத்தனை ஆயிரம் குடியிருப்புகள், இத்தனை கோடி மதிப்பீடு, இத்தனை திட்டப்பகுதிகள். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது வாசிக்கப்படுவதும் அதுதான், திறப்பு விழாக் கல்வெட்டில் ஏறுவதும் அதுதான். அந்த எண்களில் பொய்யில்லை. ஒக்கியம் துரைப்பாக்கத்தை ஒட்டிய கண்ணகி நகரில் 15,656 வீடுகள், செம்மஞ்சேரியில் 6,764, பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேல். மூன்றையும் கூட்டினால் ஒரு நடுத்தர ஊரே எழுந்து நிற்கிறது.

ஆனாலும் பாரிமுனை, பிராட்வே, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் போனால் பிளாட்பாரத்திலேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே பிள்ளை பெற்ற குடும்பங்களைப் பார்க்கலாம். இரும்புக் கிராதியில் சங்கிலி போட்டுக் கட்டிய தகரப்பெட்டி, சுவரில் ஆணியடித்து மாட்டிய பிளாஸ்டிக் தாள், சாலையோரம் மூன்று செங்கல் அடுப்பு. இவர்களில் பலரிடம் வாக்காளர் அட்டை உண்டு. குடும்ப அட்டையும் உண்டு. வீடு மட்டும் இல்லை. இந்த அளவுக்கு வீடு கட்டிய ஒரு நகரத்தில் இவர்கள் ஏன் மிச்சப்பட்டார்கள் என்பதற்கு, பணம் போதவில்லை என்ற வழக்கமான பதில் பாதிதான் பொருந்தும். நிலம் எங்கே எடுக்கப்பட்டது, வாடகை என்ற சொல் திட்டக் கோப்புகளில் எங்கே தொலைந்தது என்ற இரண்டையும் பார்த்தால் மீதிக் காரணம் கிடைக்கும்.

முதலில், யார் எதற்குப் பொறுப்பு? தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் 1961 முதல் மனை போட்டும் அடுக்ககம் கட்டியும் தருகிறது. அதை வாங்குபவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். குடிசைப்பகுதி மக்களுக்கென்று 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியிருக்கிறது. (அதன் குடியிருப்புகளைச் சென்னைவாசிகள் ‘ஹவுசிங் போர்டு’ என்றுதான் சொல்கிறார்கள். எத்தனை அரசாணை போட்டாலும் அது மாறாது.) தெருவில் தூங்குபவர்களுக்கான காப்பகங்கள் மாநகராட்சியின் கையில். நகரம் எங்கே எப்படி வளர வேண்டும் என்று முழுமைத் திட்டம் எழுதுவது சி.எம்.டி.ஏ. என்ற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். ஆக, பிளாட்பாரத்துக் குடும்பம் ஒன்று காப்பகத்தில் தொடங்கி, வாடகை வீட்டுக்குப் போய், ஒருநாள் சொந்த வீட்டில் குடியேற வேண்டுமானால் மூன்று நான்கு அலுவலகங்களைத் தாண்ட வேண்டும். அவற்றில் எதுவும் இன்று ஏழைக் குடும்பங்களுக்கான வாடகை வீட்டைத் தன் முக்கிய வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இருந்த இடத்திலேயே

குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது அண்ணாவின் ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்ற வாசகத்தைத்தான் முழக்கமாக எடுத்துக்கொண்டது. முழக்கத்தைவிட முக்கியமானது அன்றைய நடைமுறை. குடிசை எங்கே இருந்ததோ அங்கேயே, அல்லது கூப்பிடு தூரத்தில், மூன்று நான்கு மாடிக் குடியிருப்பு கட்டினார்கள். மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பத்து மீனவர்களுக்குக் கடற்கரையிலேயே வீடு கிடைத்தது. அறைகள் சின்னவை, கட்டுமானம் சுமார். ஆனால் வலையும் படகும் வாசலில் இருந்து பார்க்கும் தூரத்தில் இருந்தன.

1971-இல் வந்த குடிசைப்பகுதிச் சட்டமும் அந்த மனநிலையில் எழுதப்பட்டதுதான். ஒரு பகுதியைக் குடிசைப்பகுதி என்று அறிவித்துவிட்டால் குடிநீர், கழிப்பறை, தெருவிளக்கு என்ற அடிப்படை வசதிகளைச் செய்து தர வேண்டும். உரிய அனுமதியின்றி அங்கே குடியிருப்போரை அப்புறப்படுத்தவும் முடியாது. சென்னையில் அப்போது 1,202 குடிசைப்பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985-இல் மேலும் 17 சேர்ந்தன. அத்தோடு கதவு சாத்தப்பட்டது. அதன்பின் சென்னையில் புதிய அறிவிப்பு ஏதும் இல்லை. நகரம் நின்றுவிடவில்லை, குடிசைகளும் நின்றுவிடவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர், அதாவது நூற்றில் 29 பேர், குடிசைப்பகுதிகளில் வாழ்ந்தார்கள். அறிவித்தால் உரிமை வரும், உரிமை வந்தால் அந்த நிலத்தை வேறு எதற்கும் எடுக்க முடியாது. அறிவிக்காமல் விட்டதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

அதே காலகட்டத்தில் இன்னொரு முயற்சியும் நடந்தது. அதைப் பற்றி இன்று பேச ஆளில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். 1977-இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய சென்னை நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் கொடுங்கையூரிலும் வீட்டுக்குப் பதில் மனை கொடுத்தது. சாலை, வடிகால், குடிநீர்க் குழாய், மின்கம்பம் எல்லாம் போட்டு, சின்னதும் பெரியதுமாக மனை பிரித்தார்கள். பெரிய மனைகளையும் கடை மனைகளையும் சந்தை விலைக்கு விற்று, அந்த லாபத்தில் சின்ன மனைகளின் விலையைக் குறைத்தார்கள். மனை வாங்கியவர் முதலில் ஓலை போட்டார், பிறகு ஓடு, கைக்குப் பணம் வந்தபோது தளம், மகனுக்குக் கல்யாணம் ஆனபோது மாடி. அந்த மாடியில் பெரும்பாலும் ஒரு வாடகைக் குடித்தனம்.

திட்டம் முடிந்த கையோடு உலக வங்கியே இது சரிப்பட்டு வரவில்லை என்று ஒதுக்கிவிட்டது. மனைகள் காலியாகக் கிடக்கின்றன, ஏழைகளுக்குப் போய்ச் சேரவில்லை என்றெல்லாம் குறை. இருபது ஆண்டுக்குப் பிறகு அதே வங்கியின் ஆய்வாளர்கள் சென்னைக்கும் மும்பைக்கும் திரும்பி வந்து பார்த்தபோது வேறு காட்சி தெரிந்தது. அந்தப் பகுதிகள் பல வருமானக்காரர்களும் கலந்து வாழும், கடை கண்ணி நிறைந்த, நடமாட்டமுள்ள பேட்டைகளாகியிருந்தன. தோல்வி என்று சொன்னதை வெற்றி என்று மாற்றிச் சொல்லும் ஆய்வு 2018-இல் வெளியானது. அதற்குள் நகரத்தில் பிரித்துக் கொடுக்க அப்படிப்பட்ட நிலம் மிச்சமில்லை, அல்லது இருந்ததை வேறு யாருக்கோ கொடுத்தாகிவிட்டது.

தெற்கே போன நகரம்

1990-களில் கணக்கு மாறியது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளைச் சுத்தப்படுத்த வேண்டும். மேம்பாலம் வர வேண்டும். பறக்கும் ரயில் நீள வேண்டும். இந்தக் கரைகளில்தான் குடிசைகள் இருந்தன. வருவாய்த்துறை மொழியில் இவை ஆட்சேபகரமான புறம்போக்கு. பட்டா தர முடியாது, அங்கேயே கட்டித்தரவும் முடியாது. வேறு இடம் பார்க்க வேண்டும். 2000-இல் கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, அடுத்து பெரும்பாக்கம் என்று எல்லாமே பழைய மகாபலிபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) பக்கம் வரிசையாக வந்தன.

ஏன் அங்கே? அதிகாரிகளுக்கு ஏழைகள் மீது வெறுப்பு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் கெட்ட எண்ணமே இல்லாத அதிகாரியையும் இந்தத் திட்டங்களின் பணக்கணக்கு அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தும். மத்திய அரசின் வீட்டுத் திட்டங்கள் கட்டடத்துக்குத்தான் பணம் தருகின்றன. நிலம் மாநில அரசின் பாடு. 2015-இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில் நலிந்த பிரிவினருக்கான கூட்டு வீட்டுத் திட்டங்களுக்கு மத்திய மானியம் வீடொன்றுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய். மயிலாப்பூரில் கட்டினாலும் அதே ஒன்றரை லட்சம், பெரும்பாக்கத்தில் கட்டினாலும் அதே ஒன்றரை லட்சம். மயிலாப்பூரில் ஒரு கிரவுண்டு நிலத்தின் மதிப்பு தெரிந்த எந்த மாநில அரசு அங்கே கட்டும்? கையில் உள்ள சும்மா கிடைக்கும் நிலம் நகர எல்லைக்கு வெளியே சதுப்பு நிலத்தை ஒட்டி இருக்கிறது. ஒரே இடத்தில் பத்தாயிரம் வீடு என்றால் ஒரே டெண்டர், ஒரே மேற்பார்வை, ஒரே திறப்பு விழா. நூறு நூறு வீடாக நூறு இடத்தில் கட்டுவதைப் பொறியாளர் விரும்பமாட்டார், தணிக்கையாளரும் விரும்பமாட்டார்.

மிச்சப்படுத்திய நிலத்தின் விலையை வேறொருவர் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மந்தைவெளியிலோ ராஜா அண்ணாமலைபுரத்திலோ நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வீட்டுக்கு ஆறரைக்குப் போக வேண்டும். குடிசை அடையாற்றங்கரையில் இருந்தபோது பத்து நிமிட நடை. பத்தரைக்கு வீட்டுக்கு வந்து, பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு, மூன்று மணிக்கு மறுபடி போய் வரலாம். பெரும்பாக்கத்திலிருந்து என்றால் சுமார் இருபது கிலோமீட்டர். விடிவதற்கு முன் பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். நடுவில் வீட்டுக்குத் திரும்ப முடியாது. நான்கு வீட்டு வேலை இரண்டாகும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இந்தக் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கிண்டலடித்தவர்கள் அறியமாட்டார்கள். ஆனாலும் பயணத்தில் போகும் மூன்று மணி நேரத்தை எந்த அரசாணையாலும் இலவசமாக்க முடியாது.

குடியமர்த்தும் முறையையும் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். முதலில் கணக்கெடுப்பு. கதவில் பெயின்ட்டால் எண் எழுதுவார்கள். குடிசை முன்னால் குடும்பத்தை நிற்கவைத்துப் படம், கைரேகை, குடும்ப அட்டை, ஆதார். ஒரே கூரைக்குக் கீழே அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் இருந்தால், எண் ஒன்றா இரண்டா என்பதில்தான் முதல் சண்டை. வேலைக்குப் போயிருந்தவர் விடுபட்டுப்போவார். வாடகைக்கு இருந்தவரும் தகராறுக்குள்ளாவார். பிறகு ஒதுக்கீட்டு ஆணை, ஒரு நாள் லாரி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் ஆற்றோரக் குடும்பங்களை அப்படித்தான் பெரும்பாக்கத்துக்கு ஏற்றிச் சென்றார்கள். கல்வி ஆண்டின் நடுவில். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படித்த பிள்ளைகள் என்ன செய்திருப்பார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். வெள்ளத்தில் இருந்து காப்பாற்றத்தான் மாற்றினோம் என்பது அரசின் வாதம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீரில் நின்றன.

இவையெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த குறைகள் அல்ல. 1985-இலேயே உச்ச நீதிமன்றம் மும்பை நடைபாதைவாசிகள் தொடுத்த ஓல்கா டெல்லிஸ் வழக்கோடு சேர்த்து, சென்னைக் குடிசைவாசிகளுக்காகப் பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான கே.சந்துரு தொடுத்த வழக்கையும் விசாரித்தது. வாழும் உரிமையில் பிழைக்கும் வழியும் அடங்கும் என்று தீர்ப்பு சொன்னது. மாற்று இடம் தராமல் அப்புறப்படுத்தமாட்டோம் என்று தமிழக அரசு அப்போது உறுதி கொடுத்தது. மாற்று இடம் பிழைப்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்று மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தின் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது குடியிருப்பாளர் ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன்பிறகு அங்குள்ளவர்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளிலேயே வீடு தரப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். நகருக்குள் இடமே இல்லை என்று அதுவரை சொல்லிவந்தது ஞாபகம் வருகிறதா? அப்புறப்படுத்தப்படுவோரை எங்கே, எப்படிக் குடியமர்த்துவது என்பதற்கான மறுகுடியமர்வுக் கொள்கையின் வரைவோ இந்தச் சம்பவத்துக்கு முன்பே, 2021-லேயே பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டிருந்தது.

உண்மையில் நகருக்குள் இடம் இருக்கிறது. வாரியம் பல பத்தாண்டுகளுக்கு முன் கட்டிய பழைய குடியிருப்புகள் நிற்கும் இடம்தான் அது. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பரில் ஒரு அடுக்குமாடி அப்படியே சரிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து முன்கூட்டியே மக்கள் வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அதன்பிறகு பழைய கட்டடங்களை இடித்துக் கட்டும் வேலை வேகம் பிடித்தது. குடியிருப்போர் வெளியேறி வாடகைக்கு இருக்கும் காலத்துக்கு 8,000 ரூபாயாக இருந்த கருணைத்தொகை 24,000 ஆனது. மூன்று மாடி இருந்த இடத்தில் அதற்கும் மேல் பல மாடி எழும்புகிறது. பழையவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சும் வீடுகள்தான் நகருக்குள் கிடைக்கும் அரிய சரக்கு. தரம் ஒரு கவலை: புளியந்தோப்பு கே.பி.பார்க்கில் வாரியத்தின் புதுக் கட்டடத்தின் பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்ததும், ஐ.ஐ.டி. குழு வந்து ஆய்வு செய்ததும் 2021-இல் ஊரறிந்த செய்தி. தரத்தைச் சரிசெய்ய முடியும். இடம் கைவிட்டுப் போனால் திரும்பாது.

காப்பகமும் அதற்கப்பாலும்

தெருவில் இருப்பவர்களின் கதை தனிக் கோப்பில் ஓடுகிறது. உணவு உரிமை வழக்கின் ஒரு கிளையாக 2010-இல் உச்ச நீதிமன்றம், ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், நாள் முழுவதும் திறந்திருக்கும்படி வேண்டும் என்றது. 2013-இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதையே திட்டமாக்கியது. சென்னை மாநகராட்சி இதில் மற்ற பல நகரங்களைவிடக் கெட்டிக்காரத்தனமாகவே நடந்துகொண்டது. ஆண்களுக்கு, பெண்களுக்கு, முதியோருக்கு, சிறுவர்களுக்கு, மனநலம் பாதித்தோருக்கு என்று காப்பகங்களைப் பிரித்து, தொண்டு நிறுவனங்களிடம் நடத்தக் கொடுத்தது. சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற அரசு மருத்துவமனை வளாகங்களிலேயே நோயாளியோடு வந்தவர்கள் தங்க இடம் அமைத்தது. விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்து, வார்டுக்குள் விடாததால் மரத்தடியில் படுத்துக் கிடந்தவர்கள் இவர்கள். இந்த ஊரின் தேவையைப் பார்த்துச் செய்த வேலை அது.

எத்தனை பேருக்குக் காப்பகம் வேண்டும்? 2011 பிப்ரவரி 28 இரவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்கள் தெருத்தெருவாக எண்ணியபோது சென்னையில் 16,682 பேர் கிடைத்தார்கள். அது 174 சதுர கிலோமீட்டர் பரப்பிலான பழைய சென்னை. அதே ஆண்டு மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2018-இல் மாநகராட்சி எடுத்த கணக்கில் வந்ததோ ஒன்பதாயிரத்தைச் சுற்றி. ஊர் இரண்டரை மடங்காகப் பெருகி, வீடில்லாதவர் பாதியாகக் குறைந்தார்கள் என்று இதை நம்பச் சொல்கிறீர்களா? யாரை எண்ணினோம், எந்த இரவில் எண்ணினோம், கடை மூடியபின் வராந்தாவில் படுப்பவரைச் சேர்த்தோமா, கட்டுமான இடத்துத் தகரக் கொட்டகையில் இருக்கும் ஒடிசா தொழிலாளியைச் சேர்த்தோமா என்பதைப் பொறுத்து இந்த எண் ஏறும், இறங்கும்.

காப்பகங்களின் பெரிய ஓட்டை குடும்பம். ஆண்கள் ஓரிடம், பெண்கள் ஓரிடம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு கிழவி என்று ஐந்து பேர் பிளாட்பாரத்தில் ஒன்றாக இருக்கிறார்கள். காப்பகத்துக்குப் போனால் மூன்றாகப் பிரிய வேண்டும். பாத்திரம் பண்டங்களை எங்கே வைப்பது? பாரிமுனை மண்டிகளில் இரவு லாரி வந்தால் இரவே மூட்டை இறக்க வேண்டும். இரவில் வெளியே போய்வரக் கட்டுப்பாடுள்ள இடத்திலிருந்து அது நடக்காது. மழைக்கும் நோய்க்கும் அவர்கள் காப்பகத்தை நாடுவார்கள், ஆனால் வாழ்க்கையை அங்கே எடுத்துப் போகமாட்டார்கள். பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தால் பூட்டிவிட்டு மறுபடி பிளாட்பாரத்துக்கே வந்துவிடுகிறார்கள் என்று அலுத்துக்கொள்பவர்கள், மூட்டைக்கூலி பெரும்பாக்கத்தில் கிடைக்குமா என்று ஒருமுறை யோசிக்கலாம்.

காப்பகத்தோடு நிற்காமல் அடுத்த அடி எடுத்து வைத்த உதாரணம் இந்த ஊரிலேயே இருக்கிறது. 1993-இல் தெருவில் திரிந்த மனநலம் பாதித்த பெண்களுக்காகத் தொடங்கப்பட்ட தி பேன்யன் அமைப்பு, நீண்ட காலம் பராமரிப்பு இல்லத்திலேயே தங்கிவிட்ட பெண்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒரு விடை கண்டது. சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு பிடித்து, நான்கைந்து பெண்களைச் சேர்ந்து வாழவிடுவது. உதவிக்கு ஒருவர் உடன் இருப்பது. ஹோம் அகெய்ன் என்று அதற்குப் பெயர். குணமான பிறகுதான் வீடு என்ற வரிசையை அது தலைகீழாக்கியது. முதலில் வீடு, குணமாவது அங்கிருந்தே.

பின்லாந்து 2008-இல் நாடு முழுக்கச் செய்ததும் இதே வரிசை மாற்றம்தான். ஹெல்சிங்கியில் படுக்கை வரிசைகளாக இருந்த பெரிய விடுதி ஒன்றைப் பிரித்து சுமார் 80 தனி வீடுகளாக்கினார்கள். வாடகை ஒப்பந்தம் போட்டுச் சாவி கொடுத்தார்கள். 1980-களில் 18,000 வாக்கில் இருந்த வீடற்றோர் எண்ணிக்கை 2023-இல் சுமார் 3,400-க்கு இறங்கியது. இதைப் புகழ்பவர்கள் வழக்கமாகச் சொல்லாமல் விடும் சேதிகள் இரண்டு. ஹெல்சிங்கி நகரின் நிலத்தில் பெரும்பகுதி மாநகராட்சிக்கே சொந்தம். எந்தப் பேட்டையில் வீடு கட்டினாலும் அதில் ஒரு பங்கு குறைந்த வாடகை வீடாக இருக்க வேண்டும் என்று நகரம் நிபந்தனை போட முடிகிறது. அடுத்தது, வாடகை கட்ட முடியாதவருக்கு அரசு உதவித்தொகை தருகிறது. அந்த உதவியை அரசு வெட்டியபின் 2024-இல் எண்ணிக்கை மறுபடி ஏறியது.

வாடகை என்ற காணாமல் போன படி

சென்னையில் ஓர் அறை வீட்டுக்குப் போக நினைக்கும் கூலிக் குடும்பத்தை முதலில் நிறுத்துவது வாடகை அல்ல, அட்வான்ஸ். பத்து மாத வாடகை முன்பணம் என்பது இந்த ஊர் வழக்கம். ஆறாயிரம் வாடகை என்றால் அறுபதாயிரம் கையில் வேண்டும். தினக்கூலியில் ஆறாயிரம் புரட்டலாம். அறுபதாயிரம் கந்துவட்டிக்குத்தான் கிடைக்கும். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ‘வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்ற அந்த ஒரு வரியே போதும், பத்து மாதம் தொடர. இதோடு சாதி கேட்பது, அசைவம் சமைப்பீர்களா என்பது, எங்கே வேலை என்பது. பிளாட்பாரத்தைக் குடும்ப முகவரியாகக் கொண்டவருக்கு இந்த நேர்காணலில் எத்தனை மதிப்பெண் கிடைக்கும்?

அரசு என்ன செய்யலாம்? முன்பணத்துக்கு உத்தரவாதம் தரலாம், முதல் ஓராண்டு வாடகையில் பங்கு கொடுக்கலாம், மறுகட்டுமானத்தில் மிஞ்சும் வீடுகளில் ஒரு பகுதியை விற்காமல் வாரியமே வாடகைக்கு விடலாம். ஒதுக்கீட்டு வீட்டைக் கிரயம் செய்து கொடுத்துவிட்டால் சில ஆண்டுகளில் அது சந்தைக்குப் போய்விடும். வாடகை வீடு வாரியத்திடமே நிற்கும், அடுத்த குடும்பத்துக்கு உதவும். பராமரிப்புக் கட்டணம் வசூலாகவே திணறும் வாரியம் வாடகை எப்படி வசூலிக்கும் என்பது நியாயமான எதிர்க்கேள்வி. அதற்குப் பதில், அந்த வேலையைச் செய்யும் பிரிவை இனிமேல்தான் உருவாக்க வேண்டும் என்பதே. 2020-இல் ஊரடங்கின்போது வடமாநிலத் தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பிய காட்சிக்குப் பிறகு மத்திய அரசு கொண்டுவந்த குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம் பெரிதாகப் பேசப்பட்டு, சிறிதாகவே நடந்தது.

முடியாத காரியம் என்று மட்டும் சொல்ல வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாயில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகத்தை மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. பக்கத்து மின்னணு ஆலைக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். வேலை இருக்கும் இடத்துக்கு அருகிலேயே நிலம் கிடைத்தது, பணம் கிடைத்தது, கட்டடம் எழுந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகளும் அதே தர்க்கத்தில்தான் நகரங்களுக்குள் வருகின்றன. ஆலை நிர்வாகம் கேட்டால் நடப்பது, பாரிமுனையில் மூட்டை தூக்குபவர் கேட்டால் நடக்காததற்கு நிலத்தட்டுப்பாடு காரணமாக இருக்க முடியாது.

2008-இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்காக வைத்தது. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட குடியிருப்புத் திட்டங்களில் பத்து விழுக்காடு நலிந்த பிரிவினருக்கு என்ற விதி அதில் இருந்தது. விதி நல்லதுதான். அந்தச் சிறிய வீடுகளைக் கடைசியில் வாங்கியவர் யார் என்று தேடிப் பார்க்கும் ஏற்பாடுதான் பலவீனம். 2019-இல் கட்டட விதிகளைத் திருத்தி, மனைப்பரப்பைப் போல் ஒன்றரை மடங்காக இருந்த தளப்பரப்பு அளவை இரண்டு மடங்காக்கினார்கள். மெட்ரோ வழித்தடங்களில் இன்னும் கூடுதல். இப்படி ஒரு கையெழுத்தில் நில உரிமையாளருக்குக் கிடைக்கும் கூடுதல் மதிப்பில் ஒரு பங்கை, அந்த இடத்திலேயே குறைந்த வாடகை வீடாக வாங்கிக்கொள்ள நகரத்துக்கு உரிமை உண்டு. பணமாக வாங்கிக்கொண்டால் அந்தப் பணம் மறுபடி பெரும்பாக்கத்துக்குத்தான் போகும்.

மூன்றாம் முழுமைத் திட்டம் 2046 வரைக்கும் எழுதப்படுகிறது. அது கைக்கு வந்ததும் முன்னுரையை விட்டுவிட்டு நிலப் பயன்பாட்டு வரைபடத்தைத் திறந்து பாருங்கள். ராயபுரம், திரு.வி.க. நகர், தேனாம்பேட்டை, அடையாறு மண்டலங்களில் எந்தெந்த அரசு நிலம் குறைந்த வாடகை வீட்டுக்கு என்று சர்வே எண்ணோடு குறிக்கப்பட்டிருக்கிறதா, அந்த வீடுகளை நடத்தும் அலுவலகத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். இரண்டும் இல்லையென்றால் அடுத்த கண்ணகி நகருக்கான நிலம் ஏற்கெனவே தேடப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அது இந்த முறை ஓ.எம்.ஆரையும் தாண்டி, செங்கல்பட்டுப் பக்கமோ திருவள்ளூர்ப் பக்கமோ இருக்கும்.